காஷ்மீர் ஏரிகள் ட்ரெக்: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சோனாமார்கில் ஏறி நாரநாகில் இறங்கும் காஷ்மீர் கிரேட் லேக்ஸ் ட்ரெக்குக்கு (மலைநடைப் பயணத்துக்கு) எங்களிடம் ஏழு நாளுக்குக் காசு வாங்கிய ஏற்பாட்டாளர் ஆறே நாளில் கதையை முடித்துவிட்டார். ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் கண்டிப்பாக உஷாராக இருங்கள்.

வழக்கமான தங்கல் வரிசை நிச்னாய், விஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல். இதில் சத்சரை வெட்டிவிட்டு, கட்சரிலிருந்து நேரே கங்காபலுக்கு நடக்க வைத்தார்கள். "வானிலை சரியில்லை" என்றார்கள். வானமோ பளிச்சென்று இருந்தது. அதே கூடாரங்களையும் கோவேறு கழுதைகளையும் அடுத்த குழுவுக்கு அனுப்ப வேண்டியிருந்தது என்பதைக் குதிரைக்காரரே வாய்விட்டுச் சொன்னார்.

ஒரு நாள்தானே போனது என்று விட முடியாது. இரண்டு நாள் நடையை ஒரே நாளில் முடிக்க வேண்டும். சத்சர் தாண்டியதும் பெரிய பாறைகள் மேல் தாவிப் போகிற இடம் வரும். அதற்குப் பிறகு ஜஜ்பல் கணவாய் ஏற்றம். மதியத்துக்கு மேல் மேகம் திரளும், மழை விழுந்தால் பாறை வழுக்கும். அதனால்தான் கணவாயை மதியத்துக்குள் கடக்க வேண்டும் என்பார்கள். எங்களை மாலையில் ஏற்றினார்கள். கடைசி ஆள் முகாம் சேரும்போது நல்ல இருட்டு.

அன்றிரவு ஒருவருக்குத் தலைவலி, வாந்தி. ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தால் முள் பூஜ்யத்திலேயே நின்றது. ஆகவே சோனாமார்கிலேயே வால்வைத் திறந்து முள் நகர்கிறதா என்று பாருங்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் உங்கள் விரலை வைத்துப் பாருங்கள். கட்சர் கணவாய் ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரம். அங்கே போய்ச் சோதிப்பதில் பயனில்லை.

இருவர் கூடாரத்தில் மூவரை அடைத்தார்கள். பை சுமக்கத் தனிக் கட்டணம் என்பதையும் விஷன்சரில் வைத்துத்தான் சொன்னார்கள். அங்கிருந்து திரும்பிப் போக முடியுமா? பேசாமல் கொடுத்தோம்.

பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: எந்த இரவு எந்த முகாம், ஒரு கூடாரத்துக்கு எத்தனை பேர், பைக்கு ஒரு நாள் கட்டணம், ஒரு முகாம் குறைந்தால் எவ்வளவு திரும்பத் தருவார்கள், சுற்றுலாத் துறைப் பதிவு எண். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்.

ராணுவச் சாவடிகளில் அடையாள அட்டையின் அசலைக் கேட்பார்கள், நகல் போதும் என்று சொன்னால் நம்பாதீர்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கும் மலைமேல் சிக்னல் கிடையாது. எனவே ஜிபேயை நம்பாமல் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

முகாம் சேர்ந்ததும் தினமும் இடமும் நேரமும் பதியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியும்போது, எந்த இரவு விடுபட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.