மொட்டைமாடி மட்குத் தொட்டி: நான்கு ஆண்டு அனுபவம்

2021 ஜூன் முதல், தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டு மொட்டைமாடியில், பக்கவாட்டிலும் அடியிலும் துளையிட்ட 60 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்கள் இரண்டில் சமையலறைக் கழிவை மட்க வைத்து வருகிறேன். நிறைந்த முதல் டிரம் உரமாக ஐந்து மாதங்கள் ஆயின. இப்போது 50 முதல் 60 நாள்களில் சலித்து எடுத்துவிட முடிகிறது.

முதல் ஆண்டில் காய்த்தோலையும் பழத்தோலையும் மட்டும் கொட்டி, நுண்ணுயிர் பெருகட்டும் என்று நாள்தோறும் புளித்த மோர் ஊற்றி வந்தேன். அடியில் கறுத்த நீர் தேங்கி, மூடியைத் திறக்கவே முடியாதபடி நாற்றம் எழுந்தது. நுண்ணுயிர் போதவில்லை என்று எண்ணி இன்னும் மோர் ஊற்றினேன். உண்மையில் போதாமல் இருந்தது காற்று. காய்கறிக் கழிவில் பெரும்பகுதி நீர்தான். மட்குவதற்கு 50 முதல் 60 விழுக்காடு ஈரமே போதுமானது. அதற்கு மேற்பட்ட நீர் இடைவெளிகளை அடைத்துவிடுவதால், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மெதுவாக அழுகச் செய்கின்றன.

இதை மாற்றியது தெருவில் கூட்டிக் குவித்திருந்த வேப்பஞ்சருகு. ஒரு பங்கு கழிவுக்கு ஒன்றரைப் பங்கு சருகு என்று கூடையால் அளந்து போடத் தொடங்கிய இரண்டே வாரங்களில் நாற்றம் நின்றது. தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்குக்குக் கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கு இருந்தால் மட்குதல் விரைவாக நடக்கும் என்பார்கள். சமையலறைக் கழிவில் குறைவாக உள்ள கரிமத்தைச் சருகு ஈடுகட்டுவதோடு, காற்றுக்கும் வழிவிடுகிறது. சருகு கிடைக்காத மாதங்களில் தென்னை நார்க்கழிவைப் போடுகிறேன். அது ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் எளிதில் மட்காது.

அடுத்த பெரிய மாற்றம், எல்லாவற்றையும் ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கிப் போட்டது. வாழைப்பூ மடலும் கீரைத்தண்டும் முன்பு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மிக்சியில் அரைத்தும் பார்த்தேன். கழிவு களிபோல் இறுகிக் காற்றை அடைத்துவிட்டதால் அதைக் கைவிட்டேன்.

பெரிய குவியல்களில் வெப்பம் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை உயரும். இந்த அளவு டிரம் அவ்வெப்பத்தைத் தாங்கி வைத்திருக்காது. கிளறிய மறுநாள் நான் அளந்ததில் மிக அதிகமாக 48 டிகிரி இருந்தது. ஆகவே, காற்றுப் புகுந்து வெப்பம் மீண்டும் எழுவதற்காக, நான்கு நாள்களுக்கு ஒருமுறை அடிவரை கிளறுவதை நான் தவறவிடுவதில்லை.

மோர், சாணக் கரைசல், கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடி ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒரு டிரம்மில் இட்டு, மற்றதில் எதுவும் இடாமல் ஒப்பிட்டேன். அதிகபட்சமாக ஒரு வார வேறுபாடே தெரிந்தது. பழைய மட்கில் இரண்டு கைப்பிடி எடுத்துத் தூவினாலும் அதே பலன் கிடைப்பதால், பொடிக்குச் செலவிடுவது தேவையற்றது என்பது என் முடிவு.

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் இன்னும் சிரமப்படுகிறேன். சாரல் புகாமல் தகரக் கூரை போட்ட பின்னும் சருகு நமுத்துப்போகிறது. அதற்காகக் கோடையிலேயே மூன்று சாக்குச் சருகைச் சேர்த்துக் கட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிடுகிறேன். மாங்கொட்டையும் தேங்காய் ஓடும் மட்டும் எதற்கும் அசைவதில்லை. சல்லடையில் தங்கும் மாங்கொட்டைகளை அடுத்த டிரம்மில் மீண்டும் போடுகிறேன். ஓடுகளைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுகிறேன்.