ஸ்பீடோமீட்டரா, ஜிபிஎஸ்ஸா: எதை நம்புவது?

மீட்டர் முள் 100-இல் நிற்கும்போது போனில் ஜிபிஎஸ் 94 என்று காட்டினால், மீட்டர் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதிமுறை 39-இன்படி, ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கார்களில் உண்மையான வேகத்தில் 10 சதவீதமும் அதோடு மணிக்கு 4 கி.மீ.யும் வரை கூடுதலாகக் காட்டலாம். அதனால் தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றியே வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான்.

மீட்டர் சக்கரம் சுற்றுவதைத்தான் கணக்கிடுகிறது. டயரில் 6 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு ஏறக்குறைய 2 சதவீதம் குறையும், மீட்டர் அந்த அளவுக்குக் கூட்டிச் சொல்லும். ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டருக்கும் இதே கதைதான். ஆனால் அதில் பொதுவாக அந்த வேண்டுமென்றே ஏற்றும் வேலை இல்லை. அதனால் தூரக் கணக்கு பெரும்பாலும் உண்மைக்கு நெருக்கமாகவே இருக்கும்.

ஜிபிஎஸ்ஸுக்கு டயரைப் பற்றிக் கவலையில்லை. திறந்த வானம், நேர்சாலை, சீரான வேகம் என்றால் நான் அதைத்தான் நம்புவேன். சட்டென்று பிரேக் பிடித்தால் ஒரு நொடி பின்தங்கும், சுரங்கப்பாதையில் சிக்னலே இருக்காது. வளைவுகளில் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போடுவதால் தூரமும் குறைந்துவிடும். மலைப்பாதையில் கிலோமீட்டர் கணக்கு வேண்டுமா? அப்போது ஓடோமீட்டரையே பாருங்கள்.