ரீஸ்டோர் பாயிண்ட்: அழிப்பதா, சுருக்குவதா?

எங்கள் தெரு ஜெராக்ஸ் கடை அக்காவின் லேப்டாப்பில் சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. 128 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் அதை 119 என்றுதான் காட்டும். டெம்ப் ஃபோல்டர், ரீசைக்கிள் பின் எல்லாம் துடைத்தும் 2 ஜிபிதான் தேறியது. "தம்பி, ரீஸ்டோர் பாயிண்ட்டுன்னு ஒண்ணு எடத்த அடைச்சிட்டிருக்காம். அழிச்சிடவா?" என்றார். கணினி கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பிப் போக விண்டோஸ் எடுத்துவைக்கும் பதிவுதான் அது. அழிக்கலாம். எந்தப் பொத்தானால் அழிக்கிறோம் என்பதில்தான் வில்லங்கம்.

முதல் வழி, சிஸ்டம் புரொடெக்‌ஷன் தாவலில் கன்பிகர் போய் டெலீட் அமுக்குவது. அந்த டிரைவில் உள்ள அத்தனை பாயிண்ட்டும் ஒரே தட்டில் போய்விடும், நேற்று உருவானது உட்பட. ஒரு எச்சரிக்கை வரும். நாம்தான் படிக்காமல் ஓகே கொடுப்போமே. பல வருடத்துக்கு முன் அலுவலகக் கணினியில் நான் இப்படித்தான் செய்தேன். மறுநாள் காலை டிஸ்ப்ளே டிரைவர் அப்டேட் ஆகி, திரை கறுத்துக் கிடந்தது. திரும்பிப் போக ஒரு பாயிண்ட்கூட இல்லை. அரை நாள் போயிற்று, திட்டு தனி.

இந்த வழிக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எக்ஸ்பி காலத்தில் வைரஸ் புகுந்தால் ரீஸ்டோர் வசதியை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்வார்கள். பழைய பாயிண்ட்டுகளோடு வைரஸ் கோப்பும் சேர்ந்து பதுங்கியிருக்கும், ஆன்டிவைரஸால் அங்கே கை வைக்க முடியாது. அந்த அறிவுரை சூழ்நிலை மாறிய பிறகும் வாய்வழியாக வந்துகொண்டே இருக்கிறது. வைரஸைத் துடைத்து, மெஷின் சரியாக ஓடுகிறது என்று பார்த்த பிறகு செய்தால் சரி. துடைக்கும் முன்பே செய்தால், துடைப்பதில் ஏதாவது உடைந்தால் கதவு இல்லை.

இரண்டாவது, விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் கிளீனப் கருவி. 2018 முதலே மைக்ரோசாஃப்ட் இதைக் கைவிடும் பட்டியலில் வைத்திருக்கிறது, ஆனால் இன்னும் இருக்கிறது. திறந்ததும் நமக்கு வேண்டியது கண்ணில் படாது. 'சிஸ்டம் ஃபைல்களைத் துடை' பொத்தானை அமுக்கிய பிறகுதான் 'மோர் ஆப்ஷன்ஸ்' தாவல் முளைக்கும். அதில் கீழே உள்ள பொத்தான், கடைசிப் பாயிண்ட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழிக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி எப்போது உருவானது? செவ்வாய் பிரிண்டர் கெட்டு, புதன் ஏதோ அப்டேட்டுக்காக ஒரு பாயிண்ட் உருவாகியிருந்தால், மிஞ்சுவது கெட்ட நிலைதான். நல்லதை அழித்து நோயைப் பத்திரப்படுத்திய கதை. அதனால் முதலில் ரீஸ்டோர் பட்டியலைத் திறந்து தேதி பாருங்கள்.

சிசிகிளீனர் மாதிரி மென்பொருளில் பாயிண்ட்டுகளைத் தனித்தனியாகத் தேர்ந்து அழிக்கலாம். கடைசியை மட்டும் தொட விடாது. தேதி பார்த்துப் பொறுக்குகிறவருக்கு வசதி. இதற்கென்றே ஒன்றை இன்ஸ்டால் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. கட்டளை தட்டும் கறுப்புத் திரைக்குப் பயப்படாதவர்கள் விஎஸ்எஸ்அட்மின் கட்டளையில் பழையதை மட்டும் ஒவ்வொன்றாகக் கழிக்கலாம். 2017-இல் வந்த வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பாயிண்ட்டுகளை அழித்ததும் இதே கட்டளையால்தான். ரீஸ்டோர் பாயிண்ட்டை பேக்கப் என்று நம்பியிருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

என் ஓட்டு ஸ்லைடருக்கு. அதே கன்பிகர் திரையில் அதிகபட்ச அளவு என்று ஒரு பட்டை இருக்கும். அக்காவிடம் அது 10 சதவீதத்தில் நின்றது, ஏறக்குறைய 12 ஜிபி; அதில் 9 ஜிபிக்கு மேல் நிரம்பியிருந்தது. 4 சதவீதத்துக்கு இழுத்து அப்ளை கொடுத்தேன். கொள்ளாத பழையவை தானாக உதிர்ந்தன, புதியவை நின்றன, நாலரை ஜிபிக்கு மேல் கைக்கு வந்தது. அழிக்கும் வழிகளில் அடுத்த மாதமே இடம் மறுபடி நிரம்பத் தொடங்கும். இங்கே வேலி போட்டாயிற்று. குறை என்றால், ரொம்பக் கீழே இழுத்தால் ஒரு பெரிய அப்டேட்டே எல்லாப் பாயிண்ட்டையும் தள்ளிவிடும். 2, 3 சதவீதத்துக்கு நான் போவதில்லை.

எந்த வழியானாலும் முன்னால் கையால் ஒரு பாயிண்ட் உருவாக்கிக்கொள்ளுங்கள். அதை விண்டோஸின் பவர்ஷெல் கட்டளைத் திரையில் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கதி: 24 மணி நேரத்துக்குள் ஏற்கெனவே ஒன்று உருவாகியிருந்தால், எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டுப் புதிதாக எதுவும் செய்யாது. ஆகிவிட்டது என்று நம்பி வேலையைத் தொடங்கிவிடக் கூடாது.

"போட்டோவெல்லாம் போயிடுமா?" என்று அக்கா பயந்தார். போகாது. ரீஸ்டோர் தொடுவது சிஸ்டம் கோப்பு, டிரைவர், ரெஜிஸ்ட்ரி, மென்பொருள் ஆகியவற்றைத்தான். ஆனால் ஒரு கோப்பின் பழைய வடிவத்தை 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' தாவலில் தேடி எடுக்கும் பழக்கம் இருந்தால், பாயிண்ட்டோடு அதுவும் போகும். இத்தனைக்கும், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு பாயிண்ட்டுகளுக்கு ஆயுள் 60 நாள்தான். நாலு மாதப் பழசு கிடக்கும் என்று அங்கே தேட வேண்டியதில்லை.

எழுந்து கிளம்பும்போது அக்கா பக்கத்து மேசைக் கணினியையும் பார்க்கச் சொன்னார். அதன் சிஸ்டம் புரொடெக்‌ஷன் தாவலில் சி டிரைவுக்கு எதிரே 'ஆஃப்' என்றிருந்தது. வாங்கிய நாளிலிருந்து ஒரு பாயிண்ட்கூட உருவாகவில்லை.