புரூஜில் தூங்குங்கள், கெண்டுக்குப் போய்வாருங்கள்

பெல்ஜியத்தில் கால்வாய் ஊர் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு வருகிற முதல் குழப்பம், புரூஜா கெண்டா என்பதுதான். இரண்டுக்கும் நடுவே ரயிலில் 25 நிமிடம். பிரஸ்ஸல்ஸிலிருந்து கெண்டுக்கு அரை மணி நேரம், புரூஜுக்கு ஒரு மணி நேரம். யாரைக் கேட்டாலும் ஒரே யோசனை சொல்வார்கள்: கெண்டில் அறை எடு, வாடகை குறைவு, ராத்திரியிலும் ஊர் கலகலப்பாக இருக்கும், புரூஜ் சின்ன ஊர், ஒரு பகல் போதும். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். அது தலைகீழ் யோசனை என்பது இரண்டாம் தடவை போனபோதுதான் உறைத்தது.

முதல் தடவை நடந்தது இது. காலை 11 மணிக்கு புரூஜில் இறங்கினேன். அதே நேரத்துக்குத்தான் பிரஸ்ஸல்ஸ் பேருந்துகளும் வந்து சேர்கின்றன, பக்கத்துத் துறைமுகமான ஸேபுரூஜில் சொகுசுக் கப்பல் நின்றிருந்தால் அந்தக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். கால்வாய் திரும்புகிற இடத்தில், பின்னால் மணிக்கூண்டு தெரிய, எல்லா அஞ்சலட்டையிலும் வருகிற ரோஸன்ஹூட்காய் என்ற படித்துறை ஒன்று இருக்கிறது. அங்கே படம் எடுக்கவே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. படகுக்கு ஒரு வரிசை, வாஃபிளுக்கு ஒரு வரிசை. சாயங்காலம் ரயிலேறும்போது நான் பார்த்தது ஊரையா, ஊர் பார்க்க வந்தவர்களையா என்று எனக்கே சந்தேகம்.

இரண்டாம் தடவை அங்கேயே இரண்டு ராத்திரி தங்கினேன். மாலை ஆறு மணிக்கு மேல் பேருந்துக் கூட்டம் வடிந்துவிடுகிறது. காலை ஏழு மணிக்குக் கால்வாய் ஓரமாக நடந்தபோது எதிரே வந்தது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளும், உணவகம் ஒன்றின் வாசலில் வெள்ளைத் துணி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த சலவை வண்டியும்தான். தண்ணீர் அசையாமல் கிடந்தது. முந்தைய தடவை தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்த்த அதே படித்துறையில் அன்றைக்கு நான் மட்டும்தான்.

ஏன் இந்த வித்தியாசம் என்றால், இரண்டு ஊரின் தலையெழுத்தே வேறு. புரூஜுக்குக் கடலோடு தொடர்பு தந்தது ஸ்வின் என்ற நீர்வழி. அது வண்டல் சேர்ந்து தூர்ந்துபோக, 1500 வாக்கில் வணிகம் ஆன்ட்வெர்ப்புக்கு நகர்ந்துவிட்டது. பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பணமில்லாமல் ஊர் அப்படியே நின்றது. அந்த ஏழ்மைதான் இன்றைக்கு அழகாகத் தெரிகிறது, யுனெஸ்கோவும் 2000ல் பட்டியலில் சேர்த்துவிட்டது. கெண்ட் அப்படித் தூங்கிப்போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பஞ்சாலைகள் வந்தன, 1817ல் பல்கலைக்கழகம் வந்தது, 1180ல் பிரபு ஒருவர் கட்டிய கிராவன்ஸ்டேன் கோட்டைக்குள்ளேயே கொஞ்ச காலம் பஞ்சாலை ஓடியிருக்கிறது. இன்றைக்கும் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் வாழ்கிற ஊர். கோபுரத்துக்குக் கீழே டிராம் ஓடும், மாணவர்கள் ஆற்றுப் படிக்கட்டில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சுற்றுலாக்காரர்கள் வந்தாலும் போனாலும் ஊர் பாட்டுக்கு நடக்கும். அதனால் கெண்டை எந்த நேரம் பார்த்தாலும் சரி. புரூஜுக்கு நேரம் பார்த்துத்தான் போக வேண்டும்.

சரி, பார்க்க என்ன இருக்கிறது என்று வந்தால், ஓவியத்தில் கெண்டை அடிக்க ஆளில்லை. புனித பாவோ பேராலயத்தில் வான் ஐக் சகோதரர்கள் 1432ல் முடித்த பலிபீட ஓவியம் ஒன்றுக்காகவே அந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம். நடுவில் ஆட்டுக்குட்டி, அதைச் சுற்றிக் கூட்டம், ஒவ்வொரு செடியும் இன்ன செடி என்று சொல்கிற அளவுக்குத் துல்லியம். கீழே இடது ஓரத்துப் பலகை மட்டும் நகல், அசல் 1934ல் திருடுபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை. புரூஜின் பதில், அன்னை மரியாள் ஆலயத்தில் இருக்கும் மிக்கேலாஞ்சலோவின் வெண்பளிங்கு மாதா. அளவில் சின்னதுதான், ஆனால் குழந்தை அம்மாவின் மடியிலிருந்து இறங்கி நடக்கப் பார்க்கிற மாதிரி நிற்பதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் நாஜிகள் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்திரியாவில் அல்டாவுஸே உப்புச் சுரங்கத்தில் வைத்திருந்தார்கள், போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தன. இன்றைக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு ரயிலேறி இன்னொன்றைப் பார்க்கும்போது அது ஞாபகம் வரும்.

மணிக்கூண்டு இரண்டு ஊரிலும் உண்டு. புரூஜில் 83 மீட்டர், 366 படி, போகப் போகக் குறுகிக்கொண்டே போகும், மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரே இறங்குகிறவருக்கு வழிவிட வேண்டும். முட்டி வலி உள்ளவர்கள் தயவுசெய்து வீரம் காட்ட வேண்டாம். கெண்டின் மணிக்கூண்டு அதைவிட உயரம், 91 மீட்டர், ஆனால் லிஃப்ட் இருக்கிறது. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இது ஒன்றே போதும், கெண்டுக்கு ஒரு புள்ளி. பிள்ளைகள் இருந்தாலும் கெண்ட்தான். கோட்டைக்குள் தருகிற ஒலி வழிகாட்டியில் பேசுபவர் ஒரு நகைச்சுவைக் கலைஞர், பிரபுக்களின் வண்டவாளத்தையெல்லாம் எடுத்துவிடுவார்.

படகைப் பொறுத்தவரை புரூஜ்தான். திறந்த படகு, அரை மணி நேரம், சில பாலங்களுக்கு அடியில் தலையைக் குனிய வேண்டியிருக்கும். ஆனால் குளிர்காலத்தில் பெரும்பாலும் ஓடாது, மழை வந்தால் குடைதான். கெண்டில் கூரை போட்ட படகு கிடைக்கும், காட்சி கொஞ்சம் அகலமாக விரியும், கிராஸ்லே கோரன்லே இரண்டு கரையிலும் வணிகர் சங்க வீடுகள் வரிசையாக நிற்கும். நல்லதுதான், ஆனால் அதைக் கரையில் நின்று பார்த்தாலும் அதே அழகு.

அன்னங்களை மறந்துவிட்டேனே. புரூஜின் மின்னவாட்டர் ஏரியில் அன்னங்கள் கூட்டமாக இருக்கும். 1488ல் ஊர்க்காரர்கள், அப்போது அந்தப் பகுதியை ஆண்டுகொண்டிருந்த மாக்சிமிலியனைச் சிறைபிடித்து, அவருடைய ஆளான லாங்கால்ஸ் என்பவரின் தலையை வெட்டினார்கள். அந்தப் பெயருக்கு நீள்கழுத்து என்று பொருள் வரும். அதற்குத் தண்டனையாக ஊர் என்றென்றைக்கும் நீள்கழுத்துப் பறவைகளை வளர்க்க வேண்டும் என்று மாக்சிமிலியன் உத்தரவிட்டதாகக் கதை. தலையை வெட்டியது வரலாறு, மற்றது கதை. பக்கத்திலேயே 1245ல் தொடங்கிய பெகெய்ன்ஹோஃப், துறவிகள் மாதிரி வாழ்ந்த பெண்களின் குடியிருப்பு, வெள்ளை வீடுகள் சூழ்ந்த முற்றம். அதற்கும் காலையில்தான் போக வேண்டும்.

சாப்பாடு விஷயத்தில் சைவக்காரர்கள் ஜாக்கிரதை. பெல்ஜியத்து ஃப்ரைஸை வழக்கமாக மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள், கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். கெண்ட் 2009லேயே வியாழக்கிழமையைச் சைவ நாளாக அறிவித்த ஊர், அதனால் அங்கே சைவம் கேட்டால் யாரும் முழிப்பதில்லை. புரூஜில் சந்தைச் சதுக்கத்து உணவகங்களை விட்டு நாலு தெரு தள்ளிப் போனால் விலையும் இறங்கும், சாப்பாடும் தேறும்.

கெண்டுக்கு ஒரு குறை, முக்கிய ரயில் நிலையம் ஊர் மையத்திலிருந்து 2 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, டிராம் பிடிக்க வேண்டும். புரூஜில் இருபது நிமிடம் நடந்தால் மையம், ஆனால் அந்தக் கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டியை இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சக்கரம் போன என் பெட்டியே சாட்சி. பேருந்தில் ஏறிவிடுங்கள்.

கெண்டின் ராத்திரி விளக்குகளை விட்டுவிடுவதா என்று கேட்பார்கள். நியாயம்தான், புனித மிக்கேல் பாலத்தில் இருட்டிய பிறகு நின்றால் மூன்று கோபுரமும் வரிசையாக ஒளிரும், புரூஜில் அப்படி ஒரு காட்சி கிடையாது. அதற்காக அங்கே அறை எடுக்க வேண்டியதில்லை. மதியம் கெண்டுக்குப் போங்கள், ஓவியம், கோட்டை, சாப்பாடு, இருட்டியதும் பாலம், அப்புறம் ரயில். ராத்திரி பத்து மணிக்கு மேலும் புரூஜுக்கு வண்டி உண்டு, பலகையில் புரூக்கே என்று ஃபிளெமிஷ் பெயரில்தான் இருக்கும். முதியவர்களோடு போகிறவர்கள், கொட்டும் மழைக்காலத்தில் போகிறவர்கள் மட்டும் நான் சொன்னதைத் திருப்பிப்போட்டுக்கொள்ளலாம். கெண்டுக்குப் போகிற நாள் ஞாயிற்றுக்கிழமையாக இல்லாமல் இருப்பது நல்லது, காலையில் பூசை நடப்பதால் பலிபீட ஓவியத்தைப் பார்க்க மதியம்தான் விடுவார்கள்.