கண்டி வீதியில் டாஷ் கமரா பூட்டினேன்: வேலை திறம், அவசரக்காரருக்குச் சரிவராது

வாகனத்தின் முன் கண்ணாடியில் ஒட்டி வீதியைப் பதிகிற டாஷ் கமரா வாங்குவது இப்போது பெரிய விஷயமே இல்லை, ஒன்லைனில் ஓடர் பண்ணினால் வீட்டு வாசலுக்கு வருகிறது. அதை ஒழுங்காகப் பூட்டித்தர ஆள் தேடுவதுதான் திருகோணமலையில் கஷ்டம். கண்டி வீதியில் அபயபுரம் பக்கம் ஒரு ஓட்டோ வயரிங் கடை இருக்கிறது. தகரக் கூரை, வாசலில் பழைய பற்றரி அடுக்கு, பார்த்தால் உள்ளே போகவே மனம் வராது. ஆனால் இந்த ஊரில் நான் கண்டதில் சுத்தமான வயரிங் வேலை அங்கேதான். கடையின் பெயரை எழுதவா என்று கேட்டதற்கு கடைக்கார அண்ணை, "பேர் கீர் போட்டிடாதேங்கோ தம்பி, இருக்கிற வேலையே முடியேல்ல" என்று சொல்லிவிட்டார். அதனால் பெயர் இல்லை, தேவையானவர்கள் விசாரித்துக் கண்டுபிடிப்பீர்கள்.

வாகனம் 2015 ஹொண்டா வெசல். முதலில் வேறோர் இடத்தில், சீற் கவர் போடக் கொடுத்தபோது, "இதையும் பூட்டித் தாறம்" என்று அவர்களே பூட்டிவிட்டார்கள். கண்ணாடியின் நடுவில் ஓட்டுகிறவரின் கண்மட்டத்தில் கமரா, டாஷ்போர்டுக்கு மேலால் இழுத்து சிகரட் லைட்டரில் செருகின வயர், தொங்குகிற இடமெல்லாம் டேப். நிலாவெளியில் ஒரு மத்தியான வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் பசை இளகி வயர் கியருக்குள் கிடந்தது. ரேடியோவைப் போட்டால் ஒரே இரைச்சல், மலிவான சார்ஜர் செய்கிற வேலை அது.

அபயபுரத்து அண்ணை கமராவைத் தொட முன்னம் என்னை ஓட்டுநர் சீற்றில் இருத்தி, வழமையாக எப்படிச் சாய்ந்து இருப்பேனோ அப்படியே இருக்கச் சொன்னார். வெளியில் நின்று வைப்பரை ஓடவிட்டு அது எதுவரை துடைக்கிறது என்று பார்த்தார். எங்களுக்கு ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் ரியர் வியூ கண்ணாடிக்கு இடது பக்கமாக, அதற்குப் பின்னால் மறைகிற மாதிரி, மேலே. அங்கே வைத்தால் ஓட்டுகிறவருக்குக் கமரா இருப்பதே தெரியாது, மழையிலும் லென்சுக்கு முன்னால் வைப்பர் துடைத்துக்கொண்டே இருக்கும். வெசலில் அதே இடத்துக்குப் பக்கத்தில் முன்னால் தடை வந்தால் தானாகப் பிரேக் பிடிக்க உதவுகிற சென்சர் ஒன்றும் இருக்கிறது, அதன் முன்னால் எதுவும் வரக்கூடாது என்று இரண்டு விரல் இடைவெளி விட்டார். இடது மூலையில் லைசன்ஸ், இன்சூரன்ஸ் காட் ஒட்டின இடத்தையும் தொடவில்லை.

இதை லண்டனில் இருக்கிற மச்சானிடம் சொன்னபோது அங்கே இதற்கு மில்லிமீற்றர் கணக்கே இருக்கிறது என்றான். எம்.ஓ.டி என்கிற வருடாந்த வாகனத் தகுதிப் பரிசோதனையில், வைப்பர் துடைக்கிற பகுதிக்குள், ஸ்டியரிங்குக்கு நேரே 290 மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒரு பட்டையை எடுத்து, அதற்குள் 10 மில்லிமீற்றருக்கு மேல் வெடிப்போ மறைப்போ இருந்தால் பெயில் என்கிறார்கள், துடைக்கிற மற்ற இடத்தில் 40 வரை விடுகிறார்கள். இங்கே அப்படி அளவுகோல் பிடித்து யாரும் வந்து நிற்பதில்லை. ஆனாலும் 2025 ஜனவரியில் பஸ், ஓட்டோக்களில் பார்வையை மறைக்கிற அலங்காரங்களைக் கழற்றச் சொல்லிப் பொலிஸ் இறங்கினது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கண்ணாடி நடுவில் கமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு போய் விளக்கம் சொல்வதை விட முதலே மேலே ஒட்டிவிடலாம்.

வயர் இழுத்த விதத்தைத்தான் கட்டாயம் சொல்ல வேண்டும். கமராவிலிருந்து கூரைத்துணியின் ஓரத்துக்குள் தள்ளி, கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் வழியாகக் கீழே பியூஸ் பெட்டிக்குக் கொண்டுவர வேண்டும். கேர்ட்டின் எயார்பேக், அதாவது விபத்தில் பக்கக் கண்ணாடியோரம் திரை மாதிரி விரிகிற காற்றுப்பை உள்ள வாகனங்களில் அந்தத் தூணின் பிளாஸ்டிக் கவருக்குள்ளால்தான் பையும் வருகிறது. பைக்கு முன்னால் வயர் போனால், விபத்தில் அது விரியும்போது வயரும் சேர்ந்து முகத்தில் அடிக்கும், அல்லது பை சரியாக விரியாது. அண்ணை கவரைக் கழற்றி, வயரைப் பைக்குப் பின்னால் விட்டு, ஏற்கெனவே இருக்கிற வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டினார்.  தூண் கவரைத் திறக்காமல் "அப்பிடியே விளிம்புக்குள்ள தள்ளிவிடலாம்" என்று சொல்கிற இடத்தில் வாகனத்தைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் கரண்ட். சிகரட் லைட்டர் வேண்டாம் என்று பியூஸ் டெப் போட்டார், அதாவது பெட்டியில் இருக்கிற பியூஸுக்குப் பக்கத்தில் கமராவுக்கென்று தனி பியூஸ் வைத்து எடுப்பது, வயரை வெட்டி ஒட்டுகிற கதை இல்லை. ஒரு வயர் சாவி போட்டால் மட்டும் வருகிற லைனில், இன்னொன்று எந்நேரமும் வருகிற லைனில், மூன்றாவது வாகனத்தின் உடம்பு இரும்பில் எர்த். எந்நேரமும் வருகிற லைன், நிறுத்தி வைத்திருக்கும்போதும் கமரா பார்த்துக்கொண்டிருப்பதற்கு. இதில் கவனம் தேவை. 0.3 அம்பியர்தான் இழுக்கிறது என்று வைத்தாலும் 24 மணித்தியாலத்தில் 7 அம்பியர் மணிக்கு மேல் போய்விடும், பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடுகிற ஹைபிரிட்டில் சின்ன 12 வோல்ட் பற்றரி இறங்கினால், ஓடுவதற்கான பெரிய பற்றரி நிறைந்திருந்தும் வாகனம் எழும்பாது. அதனால் 12.2 வோல்ட்டுக்கு இறங்கினால் தானாக நிற்கிற மாதிரிச் செற் பண்ணினார். கமராவுக்குள் லித்தியம் பற்றரியா, அதற்குப் பதிலாக மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிற கப்பாசிட்டரா என்றும் கேட்டார். எங்கள் வெயிலுக்கு லித்தியம் உப்பிப்போகும், கப்பாசிட்டர் உள்ளதையே வாங்குங்கள்.

நவிகேஷனுக்கு இங்கே தனி மெசின் வாங்குகிற ஆட்களை நான் காணவில்லை, எல்லாம் போன்தான். வாகனத்தோடு ஜப்பானிலிருந்து வந்த ரேடியோ செற்றில் ஜப்பான் வரைபடம்தான் இருக்கும், எழுத்தும் புரியாது, எப்.எம் ரேடியோவும் 90க்கு மேல் எடுக்காது, அதைக் கழற்றி அன்ட்ரொயிட் செற் போடச் சொல்லிப் பலர் வருகிறார்களாம். எனக்கு ஏசி துவாரத்துக்குப் பக்கத்தில் தாழ்வாகப் போன் பிடி ஒன்று போட்டார். கண்ணாடியில் ஒட்டுகிறதைக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார், வாடிக்கையாளர் கேட்டாலும் செய்யாத வேலை ஒன்று வைத்திருப்பது எனக்குப் பிடித்தது. வரைபடத்தை வீட்டு வைபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். யானை குறுக்கே வருகிற அந்த வீதியில் குனிந்து போனைத் தட்டவே கூடாது.

குறையும் இருக்கிறது. காலையில் விட்டால் பின்னேரம்தான் கிடைக்கும், இடையில் யாராவது ஸ்டார்ட் ஆகாத லொறியோடு வந்தால் அண்ணை அங்கே போய்விடுவார். பின் கமராவுக்குக் கதவின் ரப்பர் குழாய்க்குள்ளால் வயர் விட்டது திறம், பின் கண்ணாடியைச் சூடாக்குகிற கோடுகளுக்கு மேல் ஒட்டாமல் விட்டதும் சரி, ஆனால் உள்கவரின் கிளிப் ஒன்று உடைந்து இப்போது குழியில் கிறீச் என்கிறது. சொன்னதற்கு "வாங்கோ, மாத்தித் தாறன்" என்றார், கிளிப் இன்னும் வரவில்லை. பில் கிடையாது. கடையில் விற்கிற மெமரி காட்டை வாங்காதீர்கள், எந்நேரமும் எழுதி அழிக்கிற வேலைக்கென்று வருகிற ஹை என்டியூரன்ஸ் காட்டை வெளியில் வாங்கிக்கொண்டு போங்கள். கொழும்புக்குப் போக 260 கிலோமீற்றர் அளவு, முன்னும் பின்னும் பதிந்தால் 64 ஜிபி போகிற பயணத்துக்கு மட்டுமே இழுத்துப் பிடிக்கும், 128 எடுங்கள்.

இந்த ஊருக்கென்று இன்னொன்று. கோணேசர் கோயிலுக்குப் போவதே கோட்டைக்குள் இராணுவ முகாமைத் தாண்டித்தான், கடற்படையின் டொக்யார்ட், விமானப்படைத் தளம் உள்ள சீனக்குடா பக்கமும் படம் எடுக்காதே என்று பலகை இருக்கிறது. கமராவை உடனே அணைக்கிற பொத்தானை அண்ணை முதல் வேலையாகக் காட்டித் தந்தார், நானும் கோட்டை வாசலில் அணைத்துவிட்டுத்தான் போகிறேன். உள்ளே பேசுவது பதியாமல் மைக்கையும் நிறுத்திவிட்டேன், வீட்டுக்காரர் கதைக்கிறதெல்லாம் எதற்கு.

முன்னும் பின்னும் பூட்டக் கூலி 6,500 ரூபா எடுத்தார், வயர் கிட்டுக்குத் தனிக் காசு. வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வருகிற உதவியாளர் தம்பி ஜும்மாவுக்குப் போய்விடுவார், அவர் இல்லாமல் அண்ணை கூரைத்துணியில் கை வைப்பதில்லை.