.30-06-ஆ, ஷார்ட் மேக்னமா? நான் கிழவரையே எடுத்தேன்

வேட்டை ரைபிள் வாங்கும்போது கடைசியில் இரண்டு தோட்டாக்கள்தான் போட்டியில் நின்றன. ஒன்று, 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த .30-06. இன்னொன்று, 2001-இல் வந்த .300 வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம். நான் கிழவரையே எடுத்தேன்.

வேகத்தில் புதியது ஜெயிக்கும், அதில் சண்டையே இல்லை. 180 கிரெய்ன் (சுமார் 11.7 கிராம்) எடையுள்ள குண்டை .30-06 நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் தள்ளும். ஷார்ட் மேக்னம் 900-ஐத் தொடும். தோளில் உதையும் அதற்கேற்பக் கூடும். ஷார்ட் மேக்னம் தோட்டா .30-06-ஐவிட 12 மில்லிமீட்டர் குட்டை, ஆனால் பருமன்; அதனால் மேகசினில், அதாவது ரைபிளில் தோட்டாக்களை அடுக்கும் பெட்டியில், பெரும்பாலும் ஒன்று குறையும். 200 மீட்டரில் நிற்கும் மானுக்கு இந்த வித்தியாசம் தெரியவா போகிறது?

எனக்கு முடிவைச் சொன்னது வேறு விஷயம்: பத்து வருஷம் கழித்தும் தோட்டா கிடைக்குமா?

என்னோடு வேட்டைக்கு வரும் நண்பர் வைத்திருப்பதும் ஒரு குட்டை மேக்னம்தான், சீக்கிரமே மவுசு போன வகை. சுட்டு முடித்ததும் அவர் முதலில் தேடுவது மானை அல்ல, காலிப் பித்தளை உறையை. புல்லை விலக்கி, எடுத்து, ஊதி, வாய்ப்பக்கம் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, பையில் போட்டுக்கொள்வார். மறுபடி மருந்தடைக்க அதுதான் கதி. உறையும் எத்தனை தடவை தாங்கும்? என் .30-06-க்குத் தோட்டா எளிதாகக் கிடைப்பதால், நான் ஓர் உறையைத் தொலைத்தால் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

தொழிற்சாலைக்கும் இதே கணக்குதான். தட்டுப்பாடு வந்தால் அதிகம் விற்கும் வகையைத்தான் முதலில் தயாரிப்பார்கள். அரிதானது வரிசையில் நிற்கும். பிறகு ரைபிளை விற்கப் போனாலும், "தோட்டா எங்கே வாங்குவது?" என்றுதான் முதல் கேள்வி வரும். புதிய தோட்டா வந்தால் புதிய ரைபிளும் விற்கும் என்பது கம்பெனிகளுக்குத் தெரியாதா என்ன!

சரி, ஷார்ட் மேக்னங்களில் இந்த .300 ஓரளவு நிலைத்துவிட்டது, அதை மறைக்கவில்லை. 2007-இல் வந்த 6.5 கிரீட்மூர் தோட்டாவையும் இன்னொரு பொம்மை என்றுதான் நினைத்தேன். அது ஊன்றி நின்றுவிட்டது. இத்தனைக்கும் 1890-களின் 6.5x55 என்ற பழைய தோட்டா ஏறக்குறைய அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆயிரம் மீட்டர் இலக்குக்குச் சுடுபவர்கள் மட்டும் என் பேச்சைக் கேட்க வேண்டாம். நான் 300-ஐத் தாண்டிச் சுட்டதே இல்லை.