வெட்டிவேர் ஸ்பிரிட்டும் லெமன்கிராஸும்: ரெண்டு வருஷமா வீட்ல அடிக்கற ரூம் ஸ்ப்ரே

கடையில வாங்கற ரூம் ஸ்ப்ரேவ நிறுத்தி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க மாமியாருக்கு வீசிங் இருக்கு, ஸ்ப்ரே அடிச்சாலே இருமல் வந்துடும், அதனாலதான் வீட்லயே கலக்க ஆரம்பிச்சோம். இத்தனை நாள்ல எது நின்னுச்சு எது நிக்கலன்னு எழுதினா யாருக்காவது உதவும்.

முதல்ல ஒண்ணு. செடியில இருந்து எடுக்கற வாசனை எண்ணெய் (எசென்ஷியல் ஆயில்) தண்ணில கரையாது. "பாட்டில்ல தண்ணி ஊத்தி பத்து சொட்டு விடுங்க"ன்னு நெறைய வீடியோல சொல்றாங்க, அப்படி செஞ்சா எண்ணெய் மேல மிதக்கும், முதல் ரெண்டு அடியில வெறும் தண்ணி வரும், கடைசியில மொத்த எண்ணெயும் ஒரே இடத்துல விழுந்து சோபால கறை ஆகும், போதாக்குறைக்கு வெறும் தண்ணி கொஞ்ச நாள்லயே கெட்டு வாடை வரும். மெடிக்கல் ஷாப்ல விக்கற சர்ஜிக்கல் ஸ்பிரிட் பாதி, காய்ச்சி வடிச்ச தண்ணி பாதி, இதுதான் எங்க கணக்கு. 200 மில்லி பாட்டிலுக்கு 40 சொட்டு போதும். எண்ணெய முதல்ல ஸ்பிரிட்ல விட்டு நல்லா கலக்கி அப்புறம் தண்ணி ஊத்தணும், அப்பவும் லேசா பால் மாதிரி கலங்கும், ஒவ்வொரு தடவையும் குலுக்கிட்டு அடிச்சா சரியா வரும். ஸ்பிரிட் வாடை முதல்ல தூக்கலா இருக்கும், சில நிமிஷத்துல போயிடும்.

ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அதனால சாமி விளக்கு எரியும்போதும் அடுப்பு எரியும்போதும் அந்தப் பக்கமே எடுத்துட்டு போறதில்ல. இதுல எங்க வீட்ல ரொம்ப ஸ்ட்ரிக்ட்.

வாசனைல ஜெயிச்சது லெமன்கிராஸ் (எலுமிச்சைப் புல்) எண்ணெய்தான். லெமன், ஆரஞ்சு எண்ணெய் எல்லாம் அடிச்ச உடனே சூப்பரா இருக்கும், அரை மணி நேரத்துல காணாம போயிடும், ஏன்னா அதெல்லாம் சீக்கிரம் ஆவியாகற ரகம். லெமன்கிராஸ் அதைவிட நிக்கும், வஞ்சிரம் வறுத்த அன்னிக்கு கிச்சன் வாடைக்கு இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஆனா உண்மையான மாற்றம் வெட்டிவேர் சேர்த்த பிறகுதான் வந்துச்சு. வெட்டிவேர் எண்ணெய் விலை அதிகம், தேன் மாதிரி கெட்டியா இருக்கும், சொட்டே விழாது. அதுக்கு பதிலா நாட்டு மருந்துக் கடையில காஞ்ச வேர் ஒரு கைப்பிடி வாங்கி, சின்னதா வெட்டி, ஸ்பிரிட்ல ஒரு வாரம் ஊறவச்சு வடிகட்டிக்கறேன். அந்த ஸ்பிரிட்லயே லெமன்கிராஸ் கலந்தா, லெமன்கிராஸ் போன பிறகும் அடியில அந்த மண் வாசனை தங்கும், திரைச்சீலைல அடிச்சா மறுநாள் காலைலயும் லேசா தெரியும். வெள்ளைத் துணில மட்டும் அடிக்காதீங்க, வேர் நிறம் லேசா ஏறும்.

ஊட்டி போனா எல்லாரும் யூகலிப்டஸ் தைலம் வாங்கிட்டு வருவோம்ல, அத ஹால்ல அடிச்சா ஆஸ்பத்திரி ஃபீல் வருது, எனக்கு பிடிக்கல. மழைக்காலத்துல துணி அலமாரிக்கு மட்டும் பஞ்சுல ரெண்டு சொட்டு விட்டு மூலைல வைப்பேன், அதுக்கு நல்லா இருக்கு. வாங்கும்போது ஒரு சொட்டு வெள்ளப் பேப்பர்ல விட்டு பாருங்க, மறுநாள் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமா நின்னா வேற எண்ணெய் ஏதோ கலந்திருக்குன்னு அர்த்தம். கெட்டியான வெட்டிவேர் எண்ணெய்க்கு இந்த டெஸ்ட் சரிவராது.

பாத்ரூம்க்கு ஸ்ப்ரே வேஸ்ட். அங்க ஒரு பழைய ஊறுகாய் பாட்டில்ல நாலு ஸ்பூன் ஆப்ப சோடா, பத்து சொட்டு லெமன்கிராஸ், வாய்ல மெல்லிய துணி கட்டி வச்சா போதும், வாசனை குறைஞ்சா சொட்டு விட்டுக்கலாம், மாசம் ஒரு தடவ சோடாவ மாத்திடலாம். அப்பவும் சாக்கடை வாடை வந்துச்சுன்னா தரையில இருக்கற ஜாலிய பாருங்க, ரொம்ப நாள் புழங்காத பாத்ரூம்ல அதுக்கு அடியில நிக்கற தண்ணி வத்திடும், வாடை மேல ஏறும். ரெண்டு மக் தண்ணி ஊத்தினா நின்னுடும், எந்த தைலமும் தேவையில்ல.

இயற்கைன்னா பயமே இல்லன்னு சொல்றவங்ககிட்ட எனக்கு கோவமே வரும். பூனை வளக்கற வீட்ல டீ ட்ரீ, யூகலிப்டஸ், சிட்ரஸ் எண்ணெய் எதுவும் வேணாம், பூனை உடம்பால அதை சரியா உடைச்சு வெளியேத்த முடியாது, மேல பட்டத நக்கிச்சுன்னா விஷமாயிடும். நாத்தனார் கைக்குழந்தையோட வந்தப்ப யூகலிப்டஸ், கற்பூரம் எல்லாத்தையும் எடுத்து பரண்ல போட்டோம், அந்த வயசுல மூச்சுக்கு ஆகாது. மாமியார் ரூம்ல இன்னைக்கு வரைக்கும் எதுவும் அடிக்கறதில்ல, ஹால்ல அடிச்சாலும் ஜன்னல் திறந்துதான் இருக்கும்.

பாட்டில் கண்ணாடியா, ப்ரவுன் கலர்ல கிடைச்சா ரொம்ப நல்லது. சாதா பிளாஸ்டிக் ஸ்ப்ரே பாட்டில்ல சில வகைய சிட்ரஸ் எண்ணெய் அரிச்சிடும். வெயில் படாம வச்சா எங்களுக்கு ரெண்டு மாசம் வரைக்கும் வாசனை மாறாம இருக்கு, அதனால 200 மில்லிக்கு மேல ஒரே தடவைல கலக்கறதில்ல.